வேலந்தாவளம், நில்லாமல்

இங்கே லாரிகள் நின்றன.
அதுதான் எங்கள் தொழில்.

காகிதம் மேசை மாறுவதற்குள்
டிரைவருக்கு நாலு புரோட்டா,
கிளீனருக்கு முகச்சவரம்,
டயருக்கு ஒரு பஞ்சர்.
அரசாங்கம் சரக்குக்கு வரி வாங்கியது,
நாங்கள் தாமதத்துக்கு.

இப்போது பில்
வண்டிக்கு முன்பே எல்லை தாண்டிவிடுகிறது.
தடுப்புக் கம்பத்தில்
எவருடையதோ கைலி காய்கிறது.

மாசம் எட்டு நடை போன வண்டி
பதினாலு போகுதாம்,
வாய்நிறையச் சொல்கிறார் தவிட்டு மண்டி அப்பாச்சன்.
பொய்யில்லை. எண்ணிப் பார்த்தேன்.
கூடுதல் ஆறு நடையும்
என் கல்லாவைப் பார்த்து
ஹாரன் அடித்துவிட்டுப் போயின.

அந்த பில்லைப் போடுவது
என் மகள் ஷம்லாதான்,
மாவுப் பலகையில் லேப்டாப்பை வைத்து,
வண்டிக்கு நாற்பது ரூபாய்.
வீட்டு அரிசி இப்போது அதில்தான் வேகிறது.

நேற்று ஓர் எண் பிசகி
பறக்கும் படை ஒரு தேங்காய் லாரியை
எங்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டது.
"ரெண்டே நிமிஷம் அத்தா, திருத்திடறேன்"
அவள் விரல் நடுங்கியது.

அவசரமில்லை என்று சொல்ல
வாய் வரை வந்தது.
விழுங்கிக்கொண்டு
கல்லில் எண்ணெய் விட்டேன்.