கணவாய்

கணவாய்க்குப் போகிறோம் என்றதும்
திருகோணமலைச் சந்தையில் ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
வெள்ளண வாங்கோ, மலிவு என்றார் ஜெறோம்.

மற்றக் கணவாய். நேபாளத்தில்.
ஐயாயிரத்து நூற்றுச் சொச்சம் மீற்றர்.

மூன்று வருஷம் சீட்டுப் போட்டோம், ஆறு பேர்.
ஞாயிறு காலைகளில் பத்துக் கிலோ அரிசிப் பையோடு
கோட்டை வாசலால் ஏறி
கோணேசர் கோயிலடி வரைக்கும், ஏழு தரம்.
மான்கள் முதல் நாள் எங்களைப் பார்த்தன,
பிறகு பையின் ஓட்டையைப் பார்த்தன.
கிண்ணியா ரிஸ்மியா நாடி பிடித்து எழுதுவாள்.
சிந்தக்க படி எண்ணுவான், சிங்களத்தில்,
நூறு தாண்டினால் தமிழில்.

எனக்குக் குளிர் பயமில்லை.
ஐஸ் பெக்டரியில் பதினொரு வருஷம்
கட்டி உடைக்கிறவன்.
வெள்ளை என்றால் மீனுக்கு மேல் போடுவது.

அங்கே
வெள்ளைக்கு அடியில் ஒரு மீனும் இல்லை.

விடியப்புறம் மூன்றரைக்கு, தலைவிளக்கு வெளிச்சத்தில்,
அருந்தவம் தன் கையுறையைத் தூக்கிக் காட்டி
இது ஆருடைய கை என்று கேட்டான்.
ரிஸ்மியா விரலில் கருவியை மாட்டினாள். அறுபத்திரண்டு.
ஒருவர் அவனோடு இறங்க வேண்டும்.
ஐந்து பேரும் சப்பாத்தைப் பார்த்தோம்.
நான் முதலில் நிமிர்ந்துவிட்டேன், அவ்வளவுதான்.
தியாகம் என்று பிறகு சொன்னார்கள்.
கழுத்து வலித்தது.

கொட்டியாரக் குடாவில் இண்டைக்கு நீரோட்டம் எந்தப் பக்கம்
என்று கேட்டுக்கொண்டே வந்தான்.
வடக்கு என்று ஒரு பொய் சொன்னேன்.
அந்தப் பொய்யின் கயிற்றைப் பிடித்து
எண்ணூறு மீற்றர் இறங்கினான்.
இறங்க இறங்கச் சொற்கள் திரும்பி வந்தன:
கை. தண்ணி. மகளின் பெயர்.
நெடுநேரம் கழித்து, பாறையொன்றில் குந்தியிருந்து,
என் பெயர்.

ரிஸ்மியாவின் பாமசியில் படம் தொங்குகிறது.
நாலு பேர், காற்றில் கொடித் துணிகள், பின்னால் நீலம்.
பனடோல் வாங்க வருகிறவர்கள் கேட்கிறார்கள்
அவன் எங்கே என்று.

நேற்று உப்புவெளிக் கரையில்
அருந்தவம் ஒரு கணவாய் ஓடு பொறுக்கித் தந்தான்.
பாரமே இல்லை. நகம் பட்டால் தூளாய் உதிர்கிறது, வெள்ளையாய்.
இந்தா, நீ விட்ட கணவாய் என்று சிரித்தான்.
சிரித்து முடித்த பிறகும்
அவனிடம் மூச்சு மிச்சம் இருந்தது.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
ஈரமான, உப்பான, தடித்த காற்று,
ஆருக்கும் அளந்து தராத காற்று.
ஐஸ் லொறி ஹோர்ன் அடித்தது.