ஏழாம் எண் சீட்டு

திபிலீசியில் ஒரு மார்ச் காலை.
லாமாராவின் மண்டையோடு திறந்திருக்கிறது;
அவள் விழித்திருக்கிறாள்.
படம் காட்டுவது என் வேலை.

மீன் என்றாள். குடை என்றாள்.
திராட்சைக்கு மட்டும்
"இது புளிக்கிற ரகம்" என்று சேர்த்துக்கொண்டாள்.
அடுத்தது சாவி.
ஓத்தார் மின்முனையை வைத்தார்,
தும்பி அமர்வதுபோல.

லாமாரா வாய் திறந்தாள்.
சொல் இல்லை.
போர்வைக்கடியில் வலது கை
எதையோ திருகியது, ஒரே முறை.
பிறகு தோள் லேசாக முன்னே போனது,
மழைக்கு உப்பிய கதவைத் தள்ளுவதுபோல.
"அசையாதீர்கள்" என்றார் ஓத்தார்.

மின்முனை விலகியது.
"சாவி! சாவிதானே! தெரியாதா எனக்கு?"
கோபம் வேறு.

அந்த நான்கு விநாடி
தெரிந்துவைத்திருந்தது யார்?
கையா?
திபிலீசியின் ஏதோ ஒரு மாடியில்
பூட்டிக் கிடக்கும் அந்தக் கதவா?

ஓத்தாருக்கு அந்தக் கேள்வி இல்லை.
அரிசியளவு காகிதத்தில் 7 என்று எழுதி
ஈர மடிப்பின்மேல் வைத்தார்:
இங்கே வெட்டக்கூடாது.

இரவு, என் வீட்டு வாசல்.
மாடிப்படி விளக்கு எரியவில்லை.
வேறெதையோ நினைத்தபடி நிற்கிறேன்.
எதைத் தேடுகிறேன் என்று
எனக்குள் ஒருவரும் பெயர் சொல்லவில்லை.
பைக்குள்
விரல்கள் முந்திக்கொண்டன.