முப்பது லாரி

முப்பது லாரி என்றான் குதிரைக்காரன்.
நம் காதுக்கு அது முப்பது சரக்கு வண்டி.
ஜார்ஜியாவின் இந்த மலையில் அது காகிதம்,
நனையாமல் மடித்து வைத்துக்கொள்ள வேண்டியது.

ஜோக்கியா என்று பெயர். பல்லிடுக்கில் புல்.
பனிப்பாறையின் நாக்கிலிருந்து வடிந்த ஆறு
அவன் முதுகுக்குப் பின்னால்
கற்களை உருட்டி உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன மொழி என்னுடையது.
இருபது என்றேன்.
அவன் பேசவில்லை.
ஒரு குச்சியை எடுத்து நீரில் எறிந்தான்.
அது போன வேகத்தைப் பார்த்துவிட்டு
இருபத்தைந்து என்றேன்.

காலை ஆறு மணிக்குப் போனால் முழங்கால்தான்,
நடந்தே கடக்கலாம் என்றார்கள் விடுதியில்.
நான் வந்து சேர்ந்தது பதினொன்றுக்கு.
வெயில் ஏற ஏற ஆறு ஏறும் என்பது
என் வரைபடத்தில் இல்லை.

வயிற்றைத் தொட்டது தண்ணீர், குதிரைக்கு.
நாடாவோடு நாடா முடிந்து
காலணிகளைக் கழுத்தில் மாட்டியிருந்தேன்.
நடு ஆற்றில் அது நின்றுவிட்டது.
யோசிப்பதற்குத்தான் என்று நினைக்கிறேன்.
பிடரியை இறுக்கிக்கொண்டு நானும் யோசித்தேன்:
பயணக் காப்பீட்டுப் படிவத்தில்
'குதிரையேற்றம்' என்று ஒரு கட்டம் இருந்தது.
'இல்லை' என்று குறித்திருந்தேன்.

அக்கரை.
ஒன்பது கல்கோபுரம், பதினோரு வீடு,
வழியை மறித்துப் படுத்திருக்கும் ஒரு பன்றிக் குடும்பம்.
பழம்பகைக்குக் கட்டிய கோபுரங்களாம்.
பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயந்து
இத்தனை உயரம்.
அங்கேதான் சிக்னல் கிடைக்கிறது என்று
ஒரு பையன் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான்
பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் செய்தி அனுப்ப.

தேவாலயம் பூட்டியிருந்தது.
சாவி மரேகியிடம்.
மரேகி உருளைக்கிழங்கு நிலத்தில்.
இந்த வரிசை முடியட்டும் என்று கையால் காட்டினாள்.
முடிந்ததும் அடுத்ததைக் காட்டினாள்.
மூன்றாவது வரிசையில்
ஒரு வாளியை என் பக்கம் தள்ளினாள்.

கிழங்குக்கு வந்தேனா, சுவர்ச்சித்திரத்துக்கு வந்தேனா
என்று கேட்க எனக்கு அவள் மொழி தெரியாது.
மண் குளிர்ந்திருந்தது. நகக்கண் எரிந்தது.
எட்டாவது வாளியில் நான் கேள்வியையே மறந்திருந்தேன்.

முழங்கை நீளச் சாவி.
கதவு திறந்தபோது வெளிச்சம் போய்விட்டது.
அலைபேசியில் மீதி நான்கு சதவிகிதம்.
அந்த நான்கில் பார்த்தேன்:
வெள்ளைக் குதிரையின்மேல் ஒரு புனிதர்.
முகம் பாதி. ஈட்டி முழுதாக.
குதிரையின் வயிற்றுக்குக் கீழே
சுண்ணம் உதிர்ந்து வெறும் சாம்பல் நிறம்.
கால்களே இல்லை.

எனக்குத் தெரிந்த இடம் அது.
நடு ஆறு.
யோசித்துக்கொண்டு நிற்கிறது
எத்தனை நூறு வருடமாகவோ.

விளக்கு அணைந்தது.
இருட்டில் மரேகி இரண்டே சொல் கேட்டாள்:
"ஜோக்கியா? லாரி?"
விரல்களை விரித்து
அவள் உள்ளங்கையில் ஐந்துமுறை பதித்தேன்.
அவள் சிரித்தாள், வெகுநேரம்.
கொடுத்தது கூடவா குறைவா
என்பது அந்தச் சிரிப்பில் இல்லை.

பூட்டினாள். சாவியை
கிழங்கு வாளிக்குள்ளேயே போட்டாள்.

திரும்பவும் அந்த ஆறுதான் எனக்கு வழி.
நாலரைக்கு அலாரம் வைக்கலாம் என்றால்
அலைபேசி செத்துக் கிடந்தது.