இரண்டு அங்குலம்

நியூ ஜெர்சியில் பெட்ரோல் குழாயை
வண்டிக்காரர் தொடக்கூடாது.
சட்டம் அப்படி.
ஆகவே மைனஸ் பதினொன்றில்
நான் ஹீட்டர் முன் விரல் விரித்து உட்கார்ந்திருக்க
பெஸ்னிக் வெளியே நிற்கிறான்.

கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்குவேன்.
"இருபதுக்கு."
கார்டு போகும், கார்டு வரும்.
கூடவே கொஞ்சம் குளிரும் உள்ளே வரும்.

நான் கேட்காத உதவிக்கு
நான் ஏன் டிப்ஸ் தர வேண்டும்?
என் கையைக் கட்டியது சட்டம்,
சட்டமே கொடுக்கட்டும்.
இப்படி ஒரு வாதம் என்னிடம் உண்டு.
சிவப்பு சிக்னலில் நிற்கும்போதெல்லாம்
அதைத் துடைத்துப் பளபளப்பாக வைத்துக்கொள்வேன்.

சொல்கிற நான் யாரென்றால்
கியர்னியில், ஒடெட்டின் சலூனில்
தலை அலசுகிறவள்.
கத்தரி பிடிப்பவளுக்குக் கட்டாயம் விழும்.
ஷாம்பூ போடுகிறவளுக்கு
நினைவிருந்தால் விழும்.
ஈரக் கையால் வாங்குவதால்
என் நோட்டுகள் எப்போதும் ஈரம்.
இரவில் ரேடியேட்டர் மேல் உலர்த்தி எண்ணுவேன்.
எந்தத் தலை எவ்வளவு என்று
விரல்களுக்கே தெரியும்:
உச்சியில் தழும்புள்ள வக்கீல், ஐந்து.
முடி கொட்டுகிற டீச்சர், பாவம், மூன்று.
போனில் பேசிக்கொண்டே படுத்திருப்பவள்
போனில் பேசிக்கொண்டே போய்விடுவாள்.

டிசம்பரில் ஒருநாள் அவனுக்குக் கொடுத்தேன்.
கையுறையில் கட்டைவிரல் கிழிந்திருந்தது.
யாரும் சொல்லாமல்
முன்கண்ணாடியின் உறைபனியைச் சுரண்டிவிட்டான்.
இரண்டு டாலர் நீட்டினேன்.
பார்க்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.
பார்க்காமல் வாங்குவது ஒரு மரியாதை,
அது எனக்குத் தெரிந்த தொழில்.

அதுதான் வினை.
ஒருமுறை கொடுத்தால் அன்பு,
மறுமுறை கொடுக்காவிட்டால் பாக்கி.
கையில் சின்ன நோட்டு இல்லாத நாட்களில்
முள் சிவப்பைத் தொட்ட பிறகும்
பெலெவில் டர்ன்பைக் வரை ஓட்டிப்போய்
வேறொருவனிடம் போட்டேன்.
பெயர் தெரியாதவனுக்குக் கொடுக்காமலிருப்பது
எவ்வளவு சுலபம்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை
என் பேசினில் பெஸ்னிக்கின் தலை.
செவ்வாயன்று நூவர்க்கில் குடியுரிமைப் பிரமாணமாம்,
ஒடெட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.
என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.
எப்படித் தெரியும்,
என் முகம் முழுசாக அவனுக்குக் கிடைத்ததே இல்லையே.
பெட்ரோல் வாசனை.
அலசினேன், போகவில்லை.
மறுபடி, காதுக்குப் பின்னால், பிடரி வரை.
மூன்றாவது முறைக்கு ஒடெட் முறைத்தாள்,
ஷாம்பூ சும்மாவா வருகிறது?
அவன் வாய் லேசாகத் திறந்து
தூங்கிப்போயிருந்தான்.

வெட்டி முடிந்ததும்
பதினெட்டு டாலர் எண்ணிக் கொடுத்தான்.
சரியாகப் பதினெட்டு.
என் பக்கம் திரும்பினான்,
நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தினான்,
போனான்.

மூன்று தடவை அலசினேனே!
வடிகாலில் அடைத்த முடியைப் பிடுங்கியபடி
வைதேன், போர்ச்சுக்கீசில்,
என் அம்மா கேட்டால் சோப்பால் என் வாயைக் கழுவியிருப்பாள்.
பிறகு கணக்கு தானாக ஓட ஆரம்பித்தது.
நான்கு வருஷம். பத்து நாளைக்கு ஒரு தடவை.
நூற்று நாற்பது சொச்சம் இருபதுகள்.
அதில் ஒரே ஒரு இரண்டு டாலர்.
நெஞ்சில் கை வைத்தது எத்தனை முறை?
என் கை எப்போதும்
ஹீட்டர் முன்னால்தானே இருந்தது.

இன்று காலை பர்ஸில் ஒரே ஒரு ஐந்து.
ஐந்து அதிகம்.
மூன்றைத் திருப்பிக் கொடு என்று கேட்கவா முடியும்?
பொத்தானை அழுத்திய விரலை
ஏனோ எடுக்கவில்லை.
கண்ணாடி அடிவரை இறங்கிற்று.
குனிந்தவன் ஒரு கணம் பார்த்தான்.
"ஓ, சலூன்!" என்று
தன் தலையைத் தடவிக் காட்டிச் சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
பின்னால் ஒருவன் ஹாரனை அழுத்த
கியரைப் போட்டுவிட்டேன்.

பாலம் ஏறும்போதுதான் பார்க்கிறேன்,
இடது உள்ளங்கையில்
அந்த ஐந்து டாலர் இன்னும்,
ஈரமாக.