லேபிள் தீர்ந்த ஞாயிறு

ஏணியிலிருந்து விழுந்தவன்
கையிலிருந்த பழத்தை விடவில்லை.
அதுதான் டெட்லெஃப்.
தாடை இரண்டு இடத்தில் உடைந்து
ஷ்டாடெ ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்போதும்
சொரசொரத்த போஸ்கோப் ஆப்பிள் ஒன்று
அவன் விரல்களுக்குள்ளேயே இருந்தது.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான்
எல்பெ நதிக்கரையில் இந்த ஒன்றரை ஏக்கரை வாங்கினோம்.
இப்போது டாக்டர் நிஜமாகவே
கட்டிவிட்டார் வாயை,
கம்பி போட்டு, ஆறு வாரத்துக்கு.
அவரைச் சிரிக்க வைக்காதீர்கள் என்றார் என்னிடம்.
அந்த வேலையை நான் எப்போது செய்தேன்?

விழுந்த பழங்கள் யாருக்காகவும் காத்திருக்காது.
ஈரப்புல்லில் கிடந்ததையெல்லாம் கூடையில் அள்ளினேன்.
அடிபட்ட இடங்களைக் கத்திமுனையால் தோண்டினேன்.
குளவி குடைந்த பொந்துகள் வாத்துகளுக்கு.
மிச்சத்தை நாலாக வெட்டி,
தோலோடு, விதையோடு,
பெரிய பாத்திரத்தில் கொட்டி
ஒரு கோப்பைத் தண்ணீர்.

எப்போதும் இந்த இடத்தில் அவன் குரல் வரும்.
தண்ணீர் அதிகம். தீ அதிகம்.
கிளறு வீப்கெ, அடி பிடிக்கும்.
முப்பத்தொரு அக்டோபர்கள்;
பாத்திரம் அடி பிடித்ததுமில்லை,
அவன் வாய் ஓய்ந்ததுமில்லை.
இன்று பாத்திரம் மட்டும் பேசியது,
முதலில் முணுமுணுப்பாய்,
பிறகு சேற்றில் பூட்ஸ் எடுத்து வைப்பதுபோல்
தடித்துத் தடித்து.
அவன் மூலை நாற்காலியில்,
மடியில் சீட்டுக்கட்டு, காதில் பென்சில்,
வீங்கிய முகத்தில் மிச்சமிருந்த கண்களால்
என்னைக் கிளறிக்கொண்டிருந்தான்.

சீட்டு வந்தது: தீயைக் குறை.
தலையாட்டினேன்.
இன்னொன்று: பட்டை போடாதே.
போட்டேன்.
அவன் பார்க்கவே போட்டேன்,
ஒரு விரல் நீளத்துக்கு.

வெந்து குழைந்ததைச் சல்லடை யந்திரத்தில் இட்டுக்
கைப்பிடியைச் சுற்றினேன்.
தோலும் விதைக்கூடும் மேலே தங்கிவிட,
பழைய பியானோக் கட்டையின் மஞ்சளில்
கீழே இறங்கியது கூழ்.
அவனுக்கானதை மட்டும் துணியில் மறுபடி வடிகட்டி,
ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி,
கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஓர் இடுக்கு இருக்கிறது,
அதன் வழியே,
கொஞ்சம். விழுங்கு. மூச்சு விடு.
இன்னும் கொஞ்சம்.
கண்ணை மூடிக்கொண்டான்.
பிறகு எழுதினான்: பட்டை.
அடியில் ஒரு கோடு.
புகாரா பாராட்டா தெரியவில்லை;
கோட்டுக்குத் தொனி கிடையாது.

இருபத்து மூன்று ஜாடி நிரம்பியது.
பதினேழோடு லேபிள் தீர்ந்தது.
ஞாயிறு, கடையில்லை.
மேசையெல்லாம் அவன் சீட்டுகள்.
மாவைக் கரைத்து அவற்றையே ஒட்டினேன்:
ஜன்னலைத் திற.
பூனை உள்ளே மாட்டிக்கொண்டது.
ஏணியைக் குறை சொல்லாதே.
ஹின்ரிக்குக்கு நூற்று நாற்பது தரவேண்டும்.
வலிக்கிறது (இது விடிகாலை மூன்று மணியுடையது).
கடைசி ஜாடிக்குக் கிடைத்தது
எப்போது எழுதினான் என்றே நான் பார்க்காத ஒன்று:
நீ ஏன் பேசுவதே இல்லை?
அதையும் ஒட்டினேன்.
நிலவறையில் பின்வரிசையில் வைத்தேன்.

பிப்ரவரி.
கம்பி எடுத்து மாதங்களாகின்றன.
விட்ட ஆறு வாரத்துக்கும் சேர்த்துப் பேசிவிட்டான்.
வாணலியில் உருளைக்கிழங்கு அடை,
ஓரம் கருகக் கருக.
தொட்டுக்கொள்ள ஜாடி எடுக்கப் போனவன்
முன்வரிசையை விட்டுவிட்டு
அதைத் தூக்கி வந்தான், எப்படித்தானோ.
அடையின் ஓரத்தைக் கடித்தான்.
நொறுங்கிய சத்தத்தில் இருவருமே நிமிர்ந்தோம்.
ஜாடியைத் திருப்பித் தன் கையெழுத்தையே
உரக்க வாசித்தான்.
பிறகு காத்திருந்தான்.
டெட்லெஃப், காத்திருந்தான்.

குளிர்ந்த கூழை அவன் தட்டில் வைத்தேன்.
'தீயை நான் குறைத்ததே இல்லை' என்றேன்.
'ஒரு வருஷம்கூட.'