வினையெச்சம்

நான்கு நாள் விசாரணைக்குப் பின்
நீதிபதி வாய் திறக்கிறார்.
நான் அவர் வாயைப் பார்க்க
ஜைனம்பு என் வாயைப் பார்க்கிறார்.

ஹேவ்லாக் சதுக்கம். பதினோராம் மாடிக் குளிர்.
சத்தியம் செய்துகொடுத்த தமிழ் என்னுடையது:
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது,
ஆறுதல் சொல்லவே கூடாது.

மேல்தளத்துப் பல் மருத்துவர் குவெக்கின் குழாய்தான்
ரோவல் சாலைத் துணிக்கடைக்குள் ஒழுகியது;
பொறுப்பு பிரதிவாதியுடையது என்று காண்கிறேன்.
சொன்னேன்.
அவர் முக்காட்டைச் சரிசெய்து
கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

அவசரம்.
நீதிபதி இன்னும் நிறுத்தவில்லை.
நனைந்த நூற்றுப் பதினேழு சேலைக்கும்
எவ்வளவு என்பதை
இன்னொரு நாள் இன்னொருவர் கணக்கிட்டு,
செலவுத்தொகைக்கு இருதரப்பும் எழுத்தில் கொடுத்து,
அதன்பின்...
எல்லோரும் எழுந்து வணங்கினோம்.

"முடிஞ்சிருச்சா தங்கச்சி?"

நடைவழியில் வக்கீல்கள் இருவரும் அதையேதான்
ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
இது இறுதியா, இடைநிலையா.
மேல்முறையீட்டுக்குப் பதினான்கு நாள் என்றால்
எந்த நாளிலிருந்து பதினான்கு:
இன்றா, தொகை தெரியும் நாளா,
செலவின் கடைசிக் காசு யார் தலையில் என்று
தெரியும் நாளா.
இளையவர் கைப்பேசி நாள்காட்டியைத் திறந்து
எதற்கும் இருக்கட்டுமென்று
எல்லாவற்றிலும் சிவப்புப் புள்ளி வைத்தார்.

தமிழில் தீர்மானமும் முடிவு,
ஓய்ந்துபோவதும் முடிவு.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
இரண்டுக்கும் நடுவே நான் எங்கே நிற்பேன்?
சாதாரண நிலைத் தேர்வில்
இரண்டு மதிப்பெண் போனது இந்த இடத்தில்தான்.
'சொன்னார்' முற்று.
'சொல்லி' எச்சம்;
இன்னொரு வினை வரும்வரை வாசலில் நிற்கும்.
மூன்று வருஷ வழக்கு
இன்று காலை 'சொல்லி'யில் வந்து நிற்கிறது.

இதெல்லாம் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
"வக்கீல் விளக்குவார் அக்கா" என்றேன்.
விளக்கினார். மொழிபெயர்த்தேன்.
முழுக்கக் கேட்டுவிட்டு அவர்,

"அது கிடக்கட்டும்மா.
கடையில சொட்டுக்கு வெச்ச வாளி இருக்கே,
எடுக்கலாமா, இன்னும் வெச்சிருக்கணுமா?"

ஆங்கிலத்தில் சொன்னேன்.
வக்கீல்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க,
லிஃப்ட் வந்து,
கதவு திறந்து,
ஜைனம்பு உள்ளே போய்,
மூடும் பொத்தானை அழுத்தாமல்
என்னையே பார்த்து