இரண்டாம் முறை

பிப்ரவரி. கிளாக்ஸ்விக்.
சால்மன் கூண்டுகளுக்குத் தீனி ஊதும் மிதவைக் கப்பலில்
அதிகாலை மூன்று பத்துக்கு என் நிரல் செத்தது.
ஏன் என்று ஒரு வார்த்தை விட்டுப் போகவில்லை.

ரேடியோவில் யெக்வன்:
"உன் பெட்டி கல்லாய்க் கிடக்கிறது, ரன்வா.
மீனுக்குக் காத்திருக்கத் தெரியாது."
பின்னால் மண்வாரி இரும்பில் உரசும் சத்தம்.

நல்லவேளை, சவம் வேறு வட்டில் விழுந்திருந்தது.
திறந்து பார்த்தேன்.
ஒரு பெயர். அதன் கீழ் அதே பெயர்.
எழுபத்தோராயிரம் வரிக்கும்
நானே எழுதிய 'கடைசிச்சொல்'.

நடந்தது இவ்வளவே:
வட்டு நிரம்பிற்று. எழுத முடியவில்லை.
முடியவில்லை என்பதை எழுதிவைக்கக்
கடைசிச்சொல்லைக் கூப்பிட்டது.
கடைசிச்சொல் எழுதப் போனது. இடமில்லை.
இடமில்லை என்பதை எழுதிவைக்கக்
கடைசிச்சொல்லைக் கூப்பிட்டது.

சாவோலை கொண்டுபோனவன் வழியில் செத்தான்;
அவன் சாவுக்கும் ஓலை எழுதி
அவன் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

கோபம் என்மேல்தான்.
சாகிறவனிடம் தேதி கேட்டேன், மணி கேட்டேன்,
பிசிறில்லாத முழு வாக்கியம் கேட்டேன்,
அதை எழுதப் புதிதாய் நினைவகம் வேறு
கடன் வாங்கி வரச் சொன்னேன்.

மதியம். ஜன்னலில் பனிமழை சாய்ந்து அடிக்க, திருத்தம்:
வாசலில் ஒரு கொடி. வெறும் ஓர் எண்.
நுழையும்போது பூஜ்யமென்றால் ஒன்றாக்கு,
பிறகு பேசு.
ஏற்கெனவே ஒன்றென்றால்
நீ செத்துக்கொண்டிருக்கிறாய்.
விளக்காதே. எதையும் திறக்காதே. யாரையும் கூப்பிடாதே.
முன்பே செதுக்கிவைத்த ஆறெழுத்து,
அதை உதறிவிட்டு வெளியேறு.

பிரிட்டா படித்துவிட்டுக் கேட்டாள்:
"அந்த ஆறெழுத்தும் போய்ச் சேராவிட்டால்?"
"சேர்ந்ததா என்று பார்க்கவே போவதில்லை."
வெகுநேரம் திரையைப் பார்த்திருந்தாள்.
பிறகு, கொடி ஏறுவது
பேச்சுக்கு முன்னாலா பின்னாலா என்பதை மட்டும்
விரல் வைத்து இன்னொரு தரம் படித்தாள்.
முன்னால்தான்.

மாலையில் வேண்டுமென்றே
வட்டைக் குப்பையால் நிரப்பிக் கொன்றோம்.
ரேடியோவில் யெக்வன்:
"'மீண்டும் பிழை' என்றது. உடனே இருட்டு.
அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."
"காரணம் சொல்லவில்லையே?"
"சொல்லாது. எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியும், போதும்."

உம் என்றார்.
மூன்று நிமிடத்தில் பெட்டி மறுபடி எழுந்து
குழாய்களில் தீனி சலசலத்தது.
அந்த மூன்று நிமிடமும்
மண்வாரிச் சத்தம் நிற்கவில்லை.
அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நிற்கவில்லை.